ஹோண்டா ஜாஸ் காரைத் தாழ்த்தினோம்: ஸ்பிரிங் மாற்றியதும் அதற்குப் பின் இருந்த வேலையும்

காரைத் தாழ்த்தப்போகிறேன் என்று சொன்னால், "ஸ்பிரிங்தானே, ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும்" என்பார்கள். ஸ்பிரிங் மாற்றும் வேலை ஒரு மத்தியானத்தில் முடிவது உண்மைதான். ஆனால் கார் தொழிற்சாலையை விட்டு வரும்போது அதன் இணைப்புகளிலுள்ள ரப்பர் புஷ், அப்சார்பர் மேலும் கீழும் நகரும் தூரம், சக்கரக் கோணம், முன்விளக்கு எல்லாமே ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கென்று பொருத்தப்பட்டிருக்கும். உயரத்தை மாற்றினால் இவை ஒவ்வொன்றையும் புது உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாமல் விட்ட கார்களைத்தான் கரடுமுரடாக ஓடுகிறது, டயரைத் தின்கிறது, கிறீச்சிடுகிறது என்று குறை சொல்கிறார்கள். ஸ்பிரிங்குக்குப் பின்னால் இருக்கும் அந்த வேலைக்குத்தான் இந்தப் பதிவில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கார் இரண்டாம் தலைமுறை ஹோண்டா ஜாஸ், 2012-இல் பதிவானது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழான சிஓஇ முடிந்தபோது இன்னும் 10 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தேன். இந்த ஊரில் அப்படி ஒரு தொகையைக் கட்டியவன் காரை அரைமனதோடு வைத்திருக்க முடியாது. முன் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் கசிந்திருந்தது. நான்கையும் எப்படியும் மாற்ற வேண்டும், அதோடு ஸ்பிரிங்கையும் மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தேன். ஜாஸ் உயரமான கார். பிஐஇ விரைவுச்சாலையில் இருந்து இறங்கும் வளைவுகளில் உடல் நன்றாகச் சாயும். அது எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காத விஷயம்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம், எது கூடவே கூடாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் பட்டியல் வைத்திருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள், பிறகு அல்ல. 10 ஆண்டைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போகிறது, அங்கே அடிப்பக்கத்தையும் பார்ப்பார்கள். ஸ்பிரிங் பெட்டியில் வந்த தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

எவ்வளவு தாழ்த்துவது என்பதில்தான் எனக்கு அதிக நேரம் போனது. கடைகளில் 20 மில்லிமீட்டரிலிருந்து 50 வரைக்கும் கிடைக்கிறது. டயருக்கும் சக்கர வளைவுக்கும் நடுவே விரல் நுழையாத கார்களைப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் காரில் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் ஈசூன் பாலசுப்பிரமணியர் கோயிலுக்கு வருவார். முழங்கால் வலி உள்ளவருக்கு இருக்கை உயரத்தில் ஓர் அங்குலம் என்பது பெரிய விஷயம். அடுக்குமாடிக் கார் பார்க்கின் வளைவுப் பாதைகள், கறுப்பு மஞ்சள் வேகத்தடைகள், சக்கரத்தை நிறுத்தும் சிமெண்ட் கட்டைகள் எல்லாம் தினமும் எதிரே வருபவை. அதனால் சுமார் 25 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங் செட்டை வாங்கினேன்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். ஜாஸின் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மேக்பெர்சன் என்ற பொறியாளர் உருவாக்கிய அமைப்பு, 1950-இல் அறிமுகமான ஃபோர்ட் கான்சலில் வந்து, பிறகு உலகத்தின் பெரும்பாலான சிறிய கார்களுக்குப் பரவியது. இதில் சக்கரத்தைக் கீழே ஓர் ஆர்ம் பிடித்திருக்கும், மேலே அப்சார்பரே தூணாக நிற்கும். காரைத் தாழ்த்தும்போது கீழ் ஆர்மின் வெளிமுனை, காரின் உடலோடு ஒப்பிட்டால் மேலே போகிறது. அது கிடைமட்டத்தைத் தாண்டிவிட்டால், உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழிறங்கும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடினால் உடலைச் சாய்க்கும் நெம்பு நீளமாகிவிடும். அதாவது அளவுக்கு மீறித் தாழ்த்தினால், சாய்வைக் குறைக்கத் தொடங்கிய வேலை சாய்வைக் கூட்டப் பார்க்கும். அதை அடக்க ஸ்பிரிங்கை மேலும் மேலும் இறுக்கமாக்க வேண்டிவரும். 25 மில்லிமீட்டரில் ஆர்ம் அந்த எல்லைக்குள் நிற்கிறது.

ஸ்பிரிங்கின் இறுக்கம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கம்பியின் விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்ப இறுக்கம் கூடும். கம்பி பத்தில் ஒரு பங்கு தடித்தாலே ஸ்பிரிங் ஏறக்குறைய 46 விழுக்காடு இறுகிவிடும். சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்தாலும் இறுகும். பழைய ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துத் தாழ்த்தும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அறுத்த முனை, ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டான அதன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும் நேரத்தில் ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும். இதை யாரும் செய்யக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. வாங்கும் ஸ்பிரிங்கிலும் இதையே பாருங்கள்: சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் ஸ்பிரிங் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே பிடிப்போடு இருக்க வேண்டும்.

அப்சார்பரைப் பழையதாகவே விட்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது காசை மிச்சப்படுத்துவதுபோலத் தெரியும். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரியும் வேகத்தைத் தடுப்பதுதான் அப்சார்பரின் வேலை. இறுக்கமான ஸ்பிரிங் இன்னும் வேகமாக விரியும். பத்தாண்டு ஓடிய அப்சார்பரால் அதைப் பிடித்து வைக்க முடியாது, வேகத்தடை தாண்டியதும் கார் குதித்துக்கொண்டே இருக்கும். நான்கும் புதிதாக கயாபா வாங்கினேன். கூடவே மேல் மவுண்ட், அதன் பேரிங், தூசி உறை, பம்ப் ஸ்டாப், தானாகத் தளராத நட்டுகள். இந்தச் சில்லறைச் சாமான்களைச் சேர்த்து வாங்காவிட்டால் அதே வேலையைத் திரும்பவும் செய்ய வேண்டியிருக்கும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கார் பார்க்கில் செய்கிற வேலை இல்லை இது. அங்கே காரைப் பிரித்துப்போட்டு வேலை செய்ய அனுமதியும் இல்லை, நியாயமும் இல்லை. சிராங்கூன் கார்டன்ஸில் மச்சானின் தரைவீட்டுப் போர்ச் கிடைத்தது. ஜாஸின் பின்னிருக்கைகளை மடக்கினால் வீட்டு அறையளவு இடம் கிடைக்கும். நான்கு ஸ்பிரிங், நான்கு அப்சார்பர், இரண்டு ஜாக், பலகைகள் எல்லாம் அந்தக் காரிலேயே போய்ச் சேர்ந்தன. எங்கள் புளோக்கில் ஓர் அண்ணன் இருக்கிறார், சின் மிங்கில் பல ஆண்டு வொர்க்‌ஷாப் வைத்திருந்தவர். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன், கை வைக்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு வந்தார்.

வந்ததும் அவர் தரையைத்தான் பார்த்தார். "தம்பி, டைல்ஸ் மேல ஜாக் ஸ்டாண்ட வைக்காத." தரைவீட்டுப் போர்ச்சுகள் பலவும் டைல்ஸ் போட்டவை, மழைநீர் ஓட வாசல் பக்கம் சரிந்தவை. இரண்டுமே இந்த வேலைக்கு ஆகாதவை. ஸ்டாண்டின் நான்கு கால்களும் ஒரு சின்னப் பரப்பில் அழுத்தும், டைல் விரிசல் விட்டால் ஸ்டாண்ட் சாயும். தடித்த ப்ளைவுட் பலகைகளை விரித்து அதன்மேல் வைத்தோம். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. காரின் அடியில், கழற்றிய சக்கரத்தைப் படுக்கப்போட்டு வைத்தோம். ஸ்டாண்ட் ஏமாற்றினாலும் கார் அதன்மேல்தான் உட்காரும். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு நொடிகூட அடியில் கை நீட்டக்கூடாது.

எதையும் தொடும் முன், நான்கு சக்கரங்களிலும் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே சக்கர வளைவின் விளிம்பு வரை அளந்து எழுதினேன். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தரையின் சரிவும் கணக்கைக் குழப்பும். சக்கர நடுவிலிருந்து அளந்தால் சஸ்பென்ஷனின் நிலை மட்டும் வரும். இந்த எண்கள் பிறகு மிக முக்கியமான ஓரிடத்தில் தேவைப்பட்டன. மாலையில் இருட்டியதும் காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, முன்விளக்கின் ஒளி முடியும் மேல்விளிம்பையும் மாஸ்கிங் டேப்பால் குறித்துவைத்தேன். மறுநாள் காலையில்தான் ஸ்பானரை எடுத்தோம்.

ஜாஸில் முன் ஸ்ட்ரட்டின் மேல்முனை பானெட்டைத் திறந்ததும் தெரியாது. கண்ணாடிக்குக் கீழேயுள்ள கறுப்பு பிளாஸ்டிக் உறைக்கு அடியில் ஒளிந்திருக்கும். வைப்பர் கைகளைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன் அவை கண்ணாடியில் நிற்கும் இடத்தை டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கிளிப்புகள் பத்தாண்டு வெயிலில் காய்ந்திருக்கும். இழுத்தால் உடையும், நடு ஊசியை முதலில் தூக்கிவிட்டு எடுத்தால் முழுசாக வரும்.

அப்புறம் சக்கரம், பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் தாங்கி, ஏபிஎஸ் வயரின் தாங்கி, சாய்வைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க். லிங்கின் நட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கும் பந்தும் சேர்ந்து சுற்றும். அதன் முனையில் அறுகோணக் குழி இருக்கிறது, அதில் ஆலன் கீயை வைத்துப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்ப வேண்டும். பனி நாடுகளில் இந்த நட்டைச் சூடேற்றி அறுத்தே எடுப்பார்களாம், சாலையில் உப்பு போடுவதால் வரும் துரு. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. கொஞ்சம் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துத் தேநீர் குடித்து வந்ததும் எல்லாம் சுலபமாக வந்தன.

ஸ்ட்ரட்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு இணைக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளைக் கழற்றும் முன், இரண்டும் ஒட்டியிருக்கும் ஓரத்தில் கோடு கிழித்துக்கொண்டேன். துளைக்குள் போல்ட்டுக்குச் சின்ன இடைவெளி உண்டு, அந்த இடைவெளிக்குள் நக்கிள் சாய்ந்தாலே கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணம், மாறும். பழைய இடத்திலேயே பூட்டினால், சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடைக்குப் போகும் வரை கார் ஒழுங்காக ஓடும். போல்ட்டை எடுத்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சரியும். விட்டுவிட்டால், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்மூட்டு இழுபட்டுக் கழன்றுகொள்ளலாம், பிரேக் ஹோஸும் இழுபடும். மச்சான் நைலான் கயிற்றால் நக்கிளை இழுத்துக் கட்டினார். மேல்நட்டைக் கழற்றும்போது ஒருவர் கீழே ஸ்ட்ரட்டைத் தாங்க வேண்டும். இந்த வேலைக்கு இருவர் வேண்டும் என்று நான் சொல்வது முக்கியமாக இந்த இடத்துக்காகத்தான்.

ஸ்ட்ரட் வெளியே வந்தபின் செய்வதுதான் இதில் ஆபத்தான பகுதி. ஜாஸ் ஏறக்குறைய 1,100 கிலோ, அதில் பாதிக்கு மேல் முன்பக்கம். ஒரு முன் ஸ்பிரிங் 300 கிலோவுக்கு மேல் தாங்குகிறது. காரை விட்டு வெளியே எடுத்த பிறகும் அது பாதி அமுங்கிய நிலையில்தான் ஸ்ட்ரட்டுக்குள் அடைபட்டிருக்கும். நடு நட்டு ஒன்றுதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான கம்ப்ரெசரைப் போடாமல் அந்த நட்டைத் தொட்டால் மேல் மவுண்ட் முகத்துக்கு நேராகப் பாயும்.

கம்ப்ரெசர்களின் கொக்கிகளை நேரெதிரே, முடிந்தவரை அதிகச் சுற்றுகளைப் பிடிக்கும்படி மாட்ட வேண்டும். இந்தப் பக்கம் சில திருப்பு, அந்தப் பக்கம் அதே அளவு திருப்பு என்று மாறி மாறி. ஒரு பக்கம் முந்திவிட்டால் ஸ்பிரிங் வளையும், வளைந்தால் கொக்கி நழுவும். காற்றுத் துப்பாக்கி வேண்டாம், கையால் ராட்செட் போதும். அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றது இந்தக் கட்டத்தில் மட்டும்தான். "முனைக்கு நேரா நிக்காத தம்பி, பக்கத்துல நில்லு." ஸ்பிரிங் இருக்கையிலிருந்து விலகி லேசாகக் கையால் அசைந்தது. அதற்குப் பிறகுதான் நடு நட்டு. தண்டின் முனையை ஆலன் கீயால் பிடித்து, வளைந்த ரிங் ஸ்பானரால் நட்டைத் திருப்பினோம்.

பிரித்த சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே ஓர் அட்டைமேல் அடுக்கினேன்: நட்டு, மவுண்ட், பேரிங், மேல் இருக்கை, உறை, பம்ப் ஸ்டாப். பழைய பேரிங்கைக் கையில் சுழற்றியபோது மணல் அரைபடும் சத்தம் கேட்டது. ஸ்டீயரிங் திருப்பும்போது அதுவும் சேர்ந்து சுற்றும் உறுப்பு. இத்தனை நாளாக ஸ்டீயரிங்கில் இருந்த லேசான பிசிறு எங்கிருந்து வந்தது என்பது அப்போது புரிந்தது.

பம்ப் ஸ்டாப்பைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. அப்சார்பர் முழுதாக அமுங்கி உலோகம் உலோகத்தில் மோதாமல் தடுக்கும் ரப்பர் நுரைத் துண்டு அது. காரை 25 மில்லிமீட்டர் தாழ்த்தினால், அது தொடங்கும் இடத்துக்கு அப்சார்பர் 25 மில்லிமீட்டர் நெருங்கிவிட்டது என்று பொருள். அப்படியே விட்டால் சின்னப் பள்ளத்துக்கெல்லாம் கார் அந்த ரப்பரின்மேல் போய் உட்காரும். "தாழ்த்திய கார் இடிக்கிறது" என்பவர்களின் கார்களில் பெரும்பாலும் இடிப்பது இதுதான், ஸ்பிரிங் அல்ல. ஸ்பிரிங்கோடு வந்த தாள் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தது, அந்த அளவுக்கு மட்டும் கூரான கத்தியால் வெட்டினேன். தாளில் இல்லாத வெட்டு வேண்டாம். அந்த ரப்பர் இல்லாமல் ஓடும் அப்சார்பர் சீக்கிரம் செத்துவிடும்.

புது அப்சார்பரை நிமிர்த்திவைத்துத் தண்டை மெதுவாகச் சில தடவை அமுக்கி விரியவிட்டேன். புது ஸ்பிரிங் குட்டையானது என்பதால் சிறிதளவே அமுக்க வேண்டியிருந்தது. கீழ்முனை, இருக்கையிலுள்ள படியை ஒட்டி நிற்க வேண்டும். ஸ்பிரிங்மேல் அச்சிட்ட எழுத்து நேராகப் படிக்கும்படி இருந்தால் தலைகீழாகப் போடவில்லை என்று அர்த்தம். தூசி உறையை மடிப்பில்லாமல் இழுத்துவிட்டு, மவுண்டின் திசையைச் சரிபார்த்து, புது நட்டைப் போட்டோம். கம்ப்ரெசரையும் அதே மாறி மாறி முறையில்தான் தளர்த்த வேண்டும்.

காரில் திரும்பப் பொருத்துவது பிரித்ததன் மறுபக்கம், அதை நீட்ட வேண்டியதில்லை. போல்ட்டுகள் எந்தப் பக்கமிருந்து நுழைந்தனவோ அதே பக்கமிருந்து போக வேண்டும், நக்கிள் பழைய கோட்டில் நிற்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கையேட்டில் உள்ள அளவு இறுக்கம். ஹோண்டாவின் சக்கர நட்டுக்கு 108 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாதவர் கடன் வாங்கியாவது செய்யுங்கள்.

பின்பக்கம் முன்பக்கத்தைவிட எளிது. டார்ஷன் பீம் என்ற ஒரே குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் தனி, அப்சார்பர் தனி. பீமின் நடுவே பலகை வைத்து ஜாக்கால் தாங்கிக்கொண்டு, இரண்டு பக்க அப்சார்பர்களின் கீழ் போல்ட்டுகளையும் எடுத்தோம். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் பீம் இறங்காது, இரண்டும் ஒரே உறுப்பு. பிறகு ஜாக்கை நூல் பிடித்ததுபோல மெதுவாக இறக்க வேண்டும். மச்சான் ஜாக்கில், நான் பிரேக் ஹோஸில் கண். "போதும் மச்சான், நிறுத்து" என்றதும் ஸ்பிரிங் கையோடு வந்தது. கம்ப்ரெசரே தேவையில்லை. மேலேயுள்ள ரப்பர் இருக்கையைத் துடைத்து, புது ஸ்பிரிங்கின் முனையை அதன் பள்ளத்தில் பொருத்தி, புது அப்சார்பர்களை மாட்டினோம். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே அடித்ததால் ப்ரேக் டிஸ்க்கில் எண்ணெய்க் கை படாமல் இருக்க மட்டும் கூடுதல் கவனம் தேவைப்பட்டது.

இத்தோடு கார் தாழ்ந்துவிட்டது. பெரும்பாலானோர் நிறுத்தும் இடமும் இதுதான்.

புஷ் என்பது வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே ஓர் இரும்புக் குழாய், நடுவே இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் தாங்கியோடு பூட்டிக்கொள்ளும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது எதுவும் வழுக்காது, ரப்பர் முறுக்கிக்கொடுக்கும். எந்த நிலையில் இறுக்கினோமோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. தொழிற்சாலையில் அது பழைய உயரத்தில் இறுக்கப்பட்டது. இப்போது கார் 25 மில்லிமீட்டர் கீழே நிற்கிறது, அதாவது கார் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் நிற்கும். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினாலோ இன்னும் மோசம். முறுக்கிய ரப்பர் ஒரு கூடுதல் ஸ்பிரிங் போல எதிர்க்கும், உயரத்தை ஏமாற்றும், சீக்கிரம் கிழியும். அண்ணன் காலையிலேயே சொன்னது இதைத்தான்: "ஸ்பிரிங் தானா வேல செய்யும். நீ புஷ்ஷுக்கு நியாயம் பண்ணு."

அதனால் சக்கரங்கள் மேலே இருக்கும்போதே முன் கீழ் ஆர்ம்களின் உள்முனைப் போல்ட்டுகள், பின் பீமின் முன்முனைப் போல்ட்டுகள், பின் அப்சார்பர்களின் கீழ் போல்ட்டுகள் எல்லாவற்றையும் இளக்கிவிட்டோம். கழற்றவில்லை, உள்குழாய் சுற்றும் அளவுக்கு மட்டும். பிறகு நான்கு சக்கரங்களுக்கும் அடியில் தடித்த மரப் பலகைகளை அடுக்கி, காரை அதன்மேல் இறக்கினோம். அப்படியானால்தான் காரின் முழு எடையும் சக்கரங்களில் இருக்கும்போதே அடியில் ஸ்பானர் நுழையும்.

இன்னொரு நுணுக்கம். ஜாக்கிலிருந்து இறக்கிய கார் உடனே தன் உண்மையான உயரத்துக்கு வராது. சக்கரங்கள் உள்ளே இழுபட்டிருக்கும், டயரின் பிடி அவற்றை வெளியே நகரவிடாது. சாதாரணமாகக் காரைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டினால் சரியாகிவிடும், பலகைமேல் அது முடியாது. அதற்கு ஒரு வழி: ஒவ்வொரு டயருக்கும் கீழே இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தட்டுகள், நடுவே கொஞ்சம் கிரீஸ். ஹேண்ட் பிரேக் போட்டு, பலகையின் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, காரின் மூலைகளை அமுக்கி ஆட்டினால் டயர்கள் வழுக்கித் தங்கள் இடத்துக்குப் போகும். திரும்ப அளந்தேன். முன்பக்கம் 27 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, பின்பக்கம் 23. இடதுக்கும் வலதுக்கும் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். அந்த நிலையில்தான் எல்லாப் புஷ் போல்ட்டுகளையும் கையேட்டின் அளவுக்கு இறுக்கினோம்.

பலகை அடுக்க இடமில்லாதவர்கள், புது உயரத்தை அளந்து வைத்துக்கொண்டு, சக்கரத்தைக் கழற்றியபின் நக்கிளின் அடியில் ஜாக் கொடுத்து, சக்கர நடுவுக்கும் வளைவுக்கும் இடையே அதே எண் வரும் வரை தூக்கி இறுக்கலாம். கார் ஸ்டாண்டை விட்டு எழும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவிலிருந்து அளந்து எழுதச் சொன்னது இதற்குத்தான்.

அன்று மாலையே மெதுவாக ஓர் ஓட்டம். வீட்டைச் சுற்றியே, ஜன்னலை இறக்கிவிட்டு, வேகத்தடைகளின்மேல் சத்தம் கேட்கிறதா என்று. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி டயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்தோம். திரும்பி வந்து எல்லா நட்டுகளையும் இன்னொரு முறை சரிபார்த்தோம்.

அலைன்மென்ட்டுக்கு உடனே ஓடவில்லை. புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடி இன்னும் சில மில்லிமீட்டர் உட்காரும், அதற்குப் பிறகு செய்தால்தான் அந்தக் காசுக்குப் பலன். காக்கி புக்கிட்டில் டயர்க் கடைக்குக் கொண்டுபோனபோது முன் கேம்பர் முன்பிருந்ததைவிட ஏறக்குறைய அரை டிகிரி உள்சாய்ந்திருந்தது. அது எனக்குச் சம்மதமே, வளைவில் வெளிச்சக்கரம் நன்றாகப் பதியும். விடக்கூடாதது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்ற கோணம். ஆர்மின் கோணமும் ஸ்டீயரிங் ராடின் கோணமும் ஒரே அளவில் மாறாததால் சக்கரங்களின் முன்முனைகள் விலகியோ நெருங்கியோ நிற்கும். கேம்பர் டயரை மெதுவாகத் தேய்க்கும், டோ சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தின்றுவிடும். அதைக் கையேட்டின் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பின்பக்கம் டார்ஷன் பீம் என்பதால் திருத்த எதுவும் இல்லை, ஆனாலும் அளந்து தாளில் வாங்கிக்கொண்டேன். ஜாஸின் பெட்ரோல் தொட்டி முன்னிருக்கைகளுக்குக் கீழே இருப்பதால், தொட்டி எவ்வளவு நிறைந்திருந்தாலும் பின்பக்க உயரம் பெரிதாக மாறாது. மற்ற கார்களுக்கு வழக்கமாக ஓட்டும் அளவு பெட்ரோலோடு போவது நல்லது.

முன்விளக்கையும் அதே சுவரில், அதே தூரத்தில் பார்த்தேன். முன்பக்கம் பின்பக்கத்தைவிட 4 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கியிருந்ததால் ஒளி கொஞ்சம் அதிகமாகவே கீழ்நோக்கியது. எதிரே வருபவரின் கண்ணைக் கூசாது, ஆனால் மழை இரவில் எஸ்எல்இ விரைவுச்சாலையில் நமக்குத் தெரியும் தூரம் குறையும். சரிசெய்யும் திருகைச் சிறிது திருப்பினால் போதும்.

ஓட்டம் எப்படி? பழைய அப்பர் தாம்சன் சாலைக்குக் கொண்டுபோனேன். 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் அந்தப் பகுதியில்தான் நடந்தது. இப்போது மரநிழலும் குரங்குகளுமாக அமைதியான சாலை, அங்கே வேகம் தேவையுமில்லை, கூடவும் கூடாது. சாதாரண வேகத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் உடல் ஒரு கணம் தயங்கிப் பிறகு சாயும் பழக்கம் போய்விட்டது. வேகத்தடையில் முன்பைவிட ஒரு சின்ன இறுக்கம் உண்டு. ஆனால் ஏறி இறங்கியதும் கார் அங்கேயே அடங்கிவிடுகிறது. பேரிங் மாற்றியதால் ஸ்டீயரிங் நடுநிலைக்குத் தானே திரும்புகிறது. ஈப்போவுக்குக் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போய் வந்தோம், பின்னிருக்கையில் மூவர், பூட் நிறையச் சாமான். பின்பக்கம் எங்கும் இடிக்கவில்லை. அம்மா ஏறி இறங்குவதில் சிரமம் கூடியதாகச் சொல்லவில்லை. நான் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.

ஊபியில் ஒரு கடையில் இதே வேலைக்குக் கூலி விசாரித்தபோது, புஷ் போல்ட்டுகளை இளக்கி இறுக்குவீர்களா என்று கேட்டேன். அது தேவையில்லை என்றார்கள். கடையில் கொடுத்துச் செய்பவர்கள் இந்த ஒரு கேள்வியை முன்கூட்டியே கேளுங்கள், செய்வதாகச் சொல்லும் கடையில் கொடுங்கள். இதற்குக் கூடுதல் கூலி கேட்டாலும் கொடுக்கலாம்.

பழைய ஸ்பிரிங்குகளையும் கசியாத அப்சார்பர்களையும் எறியவில்லை. துடைத்து, எண்ணெய் தடவி, எந்தப் பக்கம் எது என்று டேப்பில் எழுதி வீட்டிலுள்ள பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரில் வைத்திருக்கிறேன். சோதனையில் கேள்வி வந்தாலோ, காரை வாங்குபவர் பழைய உயரம் வேண்டும் என்றாலோ தேவைப்படும். அப்படித் திரும்ப மாற்றும் நாளிலும் புஷ் போல்ட்டுகளை இளக்கி, அந்த உயரத்தில் இறுக்கியே ஆக வேண்டும்.